பனியா, தூசியா? மூக்கிடமே கேட்கும் பரீட்சை

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலைத் தாலுகாவில் மூக்கு ஒழுகுவதை ஒரு வியாதியாக எவரும் கருதுவதில்லை. ஆனி மாதம் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை விடாது பெய்து, அது ஓய்ந்த கையோடு ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடர்ந்து, பின்னர் மார்கழியிலும் தையிலும் பனி ஏலச் செடிகளின்மேல் கவிந்து நிற்கிற அந்த மலைப்பிரதேசத்தில், காலை எழுந்ததும் அடுக்கடுக்காக வருகிற தும்மலையும், தண்ணீராக வடிகிற மூக்கையும், கண்ணரிப்பையும், இரவெல்லாம் இரு நாசிகளும் அடைத்துக்கொள்ள வாயால் மூச்சுவிட்டுக் கிடக்கிற அவஸ்தையையும், "பனி ஒத்துக்கல" என்ற ஒற்றை வாக்கியத்தில் அடக்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் புறப்பட்டுவிடுவதே அங்குள்ள ஜனங்களின் வழக்கம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு மாத்திரை, நெற்றியில் தேய்த்துக்கொள்ள ஒரு தைலம், மிஞ்சினால் மூக்கில் விடும் சொட்டு மருந்து. இவற்றோடு சிகிச்சையும் முடிந்துவிடுகிறது.

அவர்கள் சொல்வது முழுதும் தவறென்று நான் சொல்லமாட்டேன். குளிர்ந்த காற்றுப் பட்ட மாத்திரத்தில் நீர் வடிக்கிற மூக்குகள் உண்டு. அவற்றுக்கு ஒவ்வாமை என்ற பெயர் பொருந்தாது. ஆனால் அதே லட்சணங்களோடு, அதே பெயரின் மறைவில், வேறொரு வியாதி பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே ஒரு மனிதரின் சரீரத்தில் குடியிருந்துவிடுகிறது. அதுதான் ஒவ்வாமை நாசி அழற்சி. உயிரைக் கொல்லாத வியாதி என்பதனாலேயே அலட்சியத்துக்கு ஆளாகிற இந்நோய், தூக்கத்தைக் கெடுத்து, பகலில் தலைபாரத்தையும் சோர்வையும் தந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் கவனத்தைச் சிதறடித்து, சிலருக்குக் காலப்போக்கில் மூக்கிலிருந்து நெஞ்சுக்கும் இறங்கி ஆஸ்துமாவாக முற்றுகிறது. ஆகவே பனியா, வேறெதுவுமா என்று கேட்டுத் தீர்மானிப்பது அவசியமாகிறது.

கேள்வி எளியது; இந்தப் பிரதேசத்தில் விடைதான் எளிதன்று. நெடுங்கண்டம், பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று விரிந்து கிடக்கிற இந்தத் தோட்டப் பகுதியில் ஒரு தொழிலாளியின் மூக்கு ஒரு நாளில் எத்தனை விதமான காற்றைச் சந்திக்கிறதென்று எண்ணிப் பார்க்க வேண்டும். லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்பில் தங்கியிருப்பவரானால், ஈரம் ஊறிப் பூஞ்சணம் பிடித்த சுவரும், வெயில் காணாத கம்பளியும், விறகடுப்பின் புகையும் அவருக்கு இரவுத் துணை. தமிழ்நாட்டுப் பக்கத்துப் போடியிலிருந்தோ கம்பத்திலிருந்தோ அன்றாடம் ஜீப்பில் வந்துபோகிறவரானால், விடியுமுன் சமவெளியின் உஷ்ணத்தை விட்டுப் போடிமெட்டின் வளைவுகளிலோ கம்பம்மெட்டின் ஏற்றத்திலோ குளிர்காற்று முகத்தில் அறைய மலையேறுகிறார். தோட்டத்திலோ பனியும், பூச்சிமருந்தின் நெடியும், காய்ந்த தட்டையையும் சருகையும் கவாத்துச் செய்து அள்ளும்போது கிளம்புகிற தூளும் காத்திருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வரையில், சுமார் 40 நாளுக்கு ஒருமுறையாகச் சரத்திலிருந்து பறித்து வருகிற பச்சைக் காயை, விறகு எரித்துக் குழாய்களின் வழியே சூடேற்றிய அறையில் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு பகலும் ஓரிரவுமாக வாட்டி எடுத்து, சூடு ஆறுவதற்குள் தேய்த்துக் காம்பையும் காய்நுனியில் ஒட்டிய பூச்சருகையும் உதிர்த்து, பின் சல்லடையில் இட்டுச் சலித்துத் தரம் பிரிக்கிற அந்த இடத்தில், ஜன்னல் வழியே விழுகிற வெயில் கற்றையில் மஞ்சளும் பழுப்புமாகத் தூசி மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலத்துக்குப் போகும் காய் இவ்வாறு தேய்த்துச் சலித்த பிறகே பச்சைப்பசேலென்று சுத்தமாக விளங்குகிறது; அதிலிருந்து உதிர்ந்ததில் ஒரு பகுதி அங்கே நின்றவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பனி, புகை, மருந்து நெடி, பூஞ்சணம், கம்பளியின் உண்ணி, காய்த்தூசி ஆகிய இவற்றில் எது ஒரு குறிப்பிட்ட மனிதருக்குத் துன்பம் தருகிறது என்பதைப் பொறுத்தே அவர் செய்யவேண்டிய காரியம் மாறும். கம்பளிதான் காரணமென்றால் படுக்கையைக் கவனிக்க வேண்டும். ஸ்டோர்தான் காரணமென்றால் வேலையை மாற்றிக் கேட்க வேண்டும். தினக்கூலியை நம்பி இருக்கிற குடும்பத்துக்கு அது சாமானியமான முடிவன்று. பனி மட்டுமே காரணமென்றால் இரண்டையும் தொடவேண்டியதில்லை. ஊகத்தின்மேல் ஒருவரை வேலையை விடச் சொல்வதும், ஊகத்தின்மேலேயே ஒருவரை அந்தத் தூசியில் வைத்திருப்பதும் சம அளவில் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

காரணத்தை மூக்கிலேயே வைத்துப் பார்க்கும் யுக்தி புதியதன்று; ஒவ்வாமை ஆராய்ச்சியே அதிலிருந்துதான் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். லண்டனைச் சேர்ந்த ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர், ஆண்டுதோறும் கோடையில் தம் கண்ணையும் மூக்கையும் நெஞ்சையும் வாட்டிய உபாதையை 1819ஆம் ஆண்டில் ஒரு வைத்திய சபையின் முன் விவரித்தார். காரணம் இன்னதென்று அவருக்குப் பிடிபடவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி, தாமும் அதே நோயால் வருந்தியவராகையால், வெயிலா, வெப்பமா, வாசனையா, தூசியா என்று ஒவ்வொன்றாகத் தம்மீதே சோதித்துக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் புல்லின் மகரந்தத்தைத் தம் நாசியிலேயே வைத்துப் பார்த்தார். தும்மலும் நீரும் அடைப்பும் அப்படியே வந்தன. கோடைக்காலம் வரவேண்டியிருக்கவில்லை, சேமித்து வைத்த மகரந்தமே போதுமாயிருந்தது. கண்ணிமையிலும், கீறிய தோலிலும் அதையே இட்டு வீக்கம் எழுவதைக் கண்டார். பிசுக்குத் தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றாடியில் கட்டி உயரப் பறக்கவிட்டு, வானத்தில் மிதக்கும் மகரந்தத் துகள்களையும் எண்ணினார். 1873இல் வெளிவந்த அவருடைய நூல் இந்தத் துறையின் ஆதி நூல்களில் ஒன்று. தம் மூக்கையே பரீட்சைச் சாலையாக்கிக்கொண்டு அவர் பொறுத்துக்கொண்ட துன்பத்தை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவரிடம் மரியாதை பெருகுகிறது.

அவர் கண்ட அந்த விளைவு ஏன் சிலருக்கு மட்டும் நிகழ்கிறது என்பதை விளக்க மேலும் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோ இஷிசாகாவும் 1966இலும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் 1967இலும் தனித்தனியே ஒரு புதிய எதிர்ப்பொருளைக் கண்டறிந்தார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் அதற்கு ஐ.ஜி.ஈ. என்ற பெயர் நிலைத்தது. கிருமிகளோடு போரிட வேண்டிய சரீரம், தீங்கற்ற மகரந்தத்தையோ உண்ணியின் கழிவையோ பகையென்று தவறாகக் கொண்டு, அதற்கென்றே தனியாக ஐ.ஜி.ஈ.யை உண்டாக்கி வைத்துக்கொள்கிறது. மூக்கின் உட்சவ்வில் உள்ள மாஸ்ட் செல்களின்மேல் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதே பொருள் மறுபடியும் மூச்சோடு உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் தூண்டப்பட்டு ஹிஸ்டமினைக் கொட்ட, நிமிஷக் கணக்கில் அரிப்பும் தும்மலும் நீரும் தோன்றுகின்றன. சில மணி நேரம் கழித்து வேறு செல்கள் அங்கே வந்து குவிய, அடைப்பு இறுகி நிற்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பிய பின் இரவில் மூக்கடைப்பதைக் கொண்டு, வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் இந்த இரண்டாம் கட்டத்தை நினைவில் வைக்க வேண்டும்.

உண்ணி என்று சொன்னேன். அது கால் மில்லிமீட்டர் அளவில், கண்ணுக்குத் தெரியாமல் படுக்கையில் வாழ்ந்து, நாம் உதிர்க்கும் தோல் துகளைத் தின்னும் ஒரு ஜீவன். வீட்டுத் தூசியின் ஒவ்வாமைக்கு இதுவே முக்கிய காரணமென்று ஹாலந்து தேசத்து லைடன் நகர ஆராய்ச்சியாளர்கள் 1960களில் நிலைநாட்டினார்கள். அது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தையே உறிஞ்சிப் பிழைக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் டாவோஸ் போன்ற உயர்ந்த மலையூர்களுக்கு ஆஸ்துமா நோயாளிகளை அனுப்பிவைத்த வழக்கத்துக்கு ஒரு நியாயம், அங்குள்ள வறண்ட காற்றில் உண்ணி பிழைப்பதில்லை என்பதே. இதைக் கேட்டு மலைக்காற்று எல்லாமே மூக்குக்கு நல்லது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஏலக்காடுகளின் காற்று ஆண்டில் பெரும்பகுதி ஈரம் செறிந்தது. ஏலம் செழிப்பதும் அந்த ஈரத்தினால்தான். ஆதலால் லயத்துக் கம்பளியை டாவோஸின் கம்பளியாக எண்ணி நிம்மதியடைய இடமில்லை.

நோய் நிர்ணயத்தின் முதற்படி விசாரணை. எந்தக் கருவியும் அதற்கு ஈடாகாது. தேனி மாவட்டத்தில் கண்டமனூர் விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓரிடத்தில், பொறுமையுள்ள மருத்துவர் ஒருவர் ஏலத்தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் இப்படிக் கேட்பாரானால் பாதி வேலை முடிந்துவிடும்.

"எப்பம்மா தும்மல் ஜாஸ்தி வருது?"

"காலையில எந்திரிச்ச உடனே வரும் சார். ஸ்டோர்ல நிக்கிற அன்னைக்கு நிறுத்தவே முடியாது."

"ஞாயித்துக்கிழமை எப்படி இருக்கு?"

"லீவுன்னா கொஞ்சம் தேவலை சார். ஊருக்குப் போயி நாலு நாள் இருந்தா சுத்தமா நின்னுரும்."

இந்த நான்கு வரிகளில் இரண்டு குறிப்புகள் உள்ளன: படுக்கை ஒன்று, ஸ்டோர் ஒன்று. துரதிர்ஷ்டவசமாக நோயாளியின் சொந்த ஊர் ஒரு மாநிலம், வேலை செய்வது மற்றொரு மாநிலம். சமவெளியில் பார்க்கிற மருத்துவர் ஸ்டோரைக் கண்டதில்லை, மலையில் பார்க்கிறவர் ஊரில் உள்ள வீட்டை அறியார். கேட்டால்தான் இரண்டும் ஒரே சீட்டில் வந்து சேரும்.

விசாரணையை அடுத்து வருவது தோல் பரீட்சை. முன்கையில் உண்ணி, பூஞ்சணம், மகரந்தம் முதலியவற்றின் சாறுகளை ஒவ்வொரு சொட்டாக இட்டு, நுனி ஊசியால் தோலின் மேற்பரப்பை மட்டும் இலேசாகக் குத்தி, 15 முதல் 20 நிமிஷம் கழித்து எழுந்திருக்கும் தடிப்பை அளக்கிறார்கள். ஒப்பு நோக்குவதற்காக ஹிஸ்டமின் ஒரு சொட்டும், மருந்தில்லாத திரவம் ஒரு சொட்டும் வைப்பார்கள். மருந்தில்லாத இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்திருந்தால் அந்தப் பொருளுக்குச் சரீரம் பழகி எதிர்க்கிறது என்று பொருள். இரத்தத்தில் ஐ.ஜி.ஈ.யை அளப்பதும் இதே செய்தியைத்தான் வேறு வழியில் தருகிறது. தோல் பரீட்சை மலிவானது, விரைவானது, பெரும்பாலோருக்குப் போதுமானது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஏனென்றால் இனி சொல்லப்போகிற நாசிப் பரீட்சை எல்லோருக்கும் வேண்டியதன்று.

தோல் பரீட்சைக்கு இரு குறைகள் உண்டு. தோல் தடித்த மாத்திரத்தில் மூக்கின் துன்பத்துக்கு அதுவே காரணம் என்று ஆகிவிடாது. யாதொரு உபாதையும் இல்லாமலே உண்ணிக்குத் தோல் தடிப்பவர்கள் அநேகர். ஐந்தாறு பொருள்களுக்கு ஒருசேரத் தடிக்கிற கை, அவற்றுள் எது மூக்கை வாட்டுகிறதென்று சொல்லாது. மற்றக் குறை இதற்கு நேர் எதிரானது. தோலும் மௌனம், இரத்தமும் மௌனம். ஆயினும் நோயாளி தும்முகிறார், அதுவும் ஒரு குறிப்பிட்ட இடத்திலும் காலத்திலும் மட்டும் தும்முகிறார். இத்தகையவர்களுக்கு வெகுகாலம் ஒவ்வாமை இல்லை என்றே தீர்ப்புச் சொல்லி அனுப்பினார்கள். ஹக்கின்ஸ், பிராஸ்டாஃப் என்ற இருவர் 1975இல், தோல் பரீட்சையில் ஒன்றும் காட்டாத சில நோயாளிகளின் மூக்கு நீரிலேயே உண்ணிக்கு எதிரான ஐ.ஜி.ஈ. இருப்பதை எடுத்துக்காட்டினார்கள். பிற்பாடு, இந்த நூற்றாண்டின் முதல் இரு பத்தாண்டுகளில், ஸ்பெயின் தேசத்து மாலகா நகரில் கார்மென் ரோண்டோன், மிகேல் பிளாங்கா முதலிய மருத்துவர்கள் இதைப் பொறுமையாகத் தொடர்ந்து ஆராய்ந்து, ஒவ்வாமை மூக்கோடு மட்டும் நின்றுவிடுகிற ஒரு வகை உண்டென்று நிறுவினார்கள். அந்த வகையைக் கண்டுபிடிக்க மூக்கிடமே கேட்பதைத் தவிர வேறு நம்பகமான மார்க்கம் இல்லை.

கேட்கிற முறை இது. அதற்கு நாள் குறிப்பதற்கு முன்பே சில மருந்துகளை நிறுத்த வேண்டும். தும்மலை அடக்கும் மாத்திரைகளையும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயையும் மருந்துக்குத் தக்கபடி சில நாள் முதல் இரண்டு வாரம் வரை விட்டுவைக்கச் சொல்வார்கள். சளிக்காய்ச்சல் வந்திருந்தால் அது நீங்கிச் சில வாரம் செல்ல வேண்டும். அடங்காத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும், கடும் ஒவ்வாமையால் மயங்கி விழுந்த அனுபவம் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்வதில்லை. வெளியிலிருந்து வந்தவரை முதலில் அறைக்குள் இருபது முப்பது நிமிஷம் சும்மா உட்கார வைக்கிறார்கள். சாலையின் குளிரையும் தூசியையும் மூக்கு மறக்க வேண்டும். பிறகு மூக்கின் உட்புறத்தை விளக்கொளியில் பார்த்து, மூச்சு எவ்வளவு தாராளமாகச் செல்கிறதென்று அளந்து, தும்மல், நீர், அடைப்பு, அரிப்பு ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை நோயாளியையே மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். மொத்தம் 12.

அடுத்த படியில்தான் இப்பரீட்சையின் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வாமைப் பொருளை உடனே இடுவதில்லை. அது கரைந்திருக்கும் வெறும் திரவத்தை மட்டும் இரு நாசிகளிலும் அடித்துவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருக்கிறார்கள். வெறுந் திரவத்துக்கே மூக்கு அடைத்து ஒழுகுமானால், அது எதைத் தொட்டாலும் சிணுங்குகிற மூக்கு. பரீட்சை அங்கேயே நிறுத்தப்படுகிறது. பனிக்கும் புகைக்கும் நீர் வடிக்கிற மூக்குகள் பலவும் இந்தப் படியிலேயே வெளிப்பட்டுவிடும். உடும்பஞ்சோலைக்காரரின் "பனி ஒத்துக்கல" என்ற வாக்கியம் எந்த அளவுக்கு மெய் என்பதைச் சொல்ல இந்த ஒரு படியே பெரிதும் உதவும்.

மூக்கு அமைதியாக இருந்தால், அளவறிந்து தயாரித்த ஒவ்வாமைச் சாற்றை நிரப்பிய ஸ்பிரேயை எடுத்து, நோயாளியை மூச்சை நன்றாக இழுத்து அடக்கிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு நாசியிலும் இரண்டிரண்டு முறை அடித்தவுடன் மூச்சை வெளியே விடச் சொல்கிறார்கள். மருந்து நெஞ்சுக்குள் இறங்கிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. பத்தாவது நிமிஷமும் இருபதாவது நிமிஷமும் முன்போலவே மதிப்பெண்ணும் மூச்சளவும் குறிக்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2018இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, மதிப்பெண் 5 அல்லது அதற்குமேல் ஏறினாலோ, மூச்சோட்டம் 40 சதவீதமோ அதற்குமேலோ குறைந்தாலோ அந்தப் பொருளே குற்றமுடையது என்று தெளிவாகிறது. மதிப்பெண் 3 ஏறி, மூச்சோட்டமும் 20 சதவீதம் குறைந்து, இரண்டும் ஒன்றையொன்று ஆதரித்தாலும் அதே முடிவு. நோயாளியின் வாய்மொழியையும் கருவியின் கணக்கையும் அருகருகே வைத்து நிறுக்கிற இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஏழைத் தொழிலாளி சொல்வதை மிகையென்று ஒதுக்கிவிடுகிற மனப்பான்மைக்கு இதில் இடமில்லை. பரீட்சை முடிந்த பின்னும் அவரைச் சற்று நேரம் கண்காணிப்பில் வைத்திருந்து, மூச்சுத் திணறல் ஏதும் இல்லையென்று கண்ட பின்பே அனுப்ப வேண்டும்.

ஓர் இடர்ப்பாடு உண்டு. உண்ணிக்கும் மகரந்தத்துக்கும் தரப்படுத்திய சாறுகள் தயாராகக் கிடைப்பதுபோல, ஒவ்வொரு ஸ்டோரின் தூசிக்கும் சாறு செய்து குப்பியில் வைத்திருப்பதில்லை. ஆதலால் தொழிலால் வரும் மூக்குநோயில், வேலையிடத்தையே பரீட்சைச் சாலையாகக் கொள்கிற வழி ஒன்றைக் கைக்கொள்கிறார்கள். முகத்தில் பொருத்திக்கொள்ளும் ஒரு மூடியும் அதோடு இணைந்த ஒரு சிறு குழாயுமான மூச்சளவி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு மூக்கால் முழுப் பலத்தோடு ஒருமுறை இழுத்தால் குழாயினுள் உள்ள குறி நகர்ந்து நின்று அளவைக் காட்டும். மூன்று முறை இழுத்து, சிறந்ததைக் குறித்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் வேண்டாம், நிபுணர் வேண்டாம். வேலைக்குச் செல்லுமுன் ஒன்று, இறங்கும்போது ஒன்று, இரவில் ஒன்று, லீவு நாட்களிலும் அதேபோல் என்று இரண்டு மூன்று வாரம் குறித்து வந்தால், ஸ்டோர் நாளுக்கும் தோட்டத்து நாளுக்கும் வீட்டிலிருக்கும் நாளுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் தானே எழுந்து நிற்கும். நெடுங்கண்டத்திலோ பூப்பாறையிலோ ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட கருவி இரண்டு இருந்துவிட்டால், நோயாளி மலையிறங்கி வெகுதூரம் அலைய வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வாசனைப் பயிர்களின் தூசி மூச்சைக் கெடுக்கும் என்பது வீண் பயம் அன்று. இலங்கையின் நெஞ்சுநோய் மருத்துவர் சி. ஜி. ஊரகொட, நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபடுகிற அந்நாட்டின் தேயிலை ஃபேக்டரிகளில், சலிக்கும்போது பறக்கிற பஞ்சு போன்ற தூசியால் வரும் ஆஸ்துமாவை 1970இல் எழுதிவைத்தார். 1984இல் கறுவாப்பட்டைத் தொழிலாளர்களிடையேயும் ஆஸ்துமா முதலிய உபாதைகளைக் கண்டு எழுதினார். மூக்கில் தும்மலாய்த் தொடங்குவது நெஞ்சில் இரைப்பாய் முடிவதற்கு முன்பே தடுத்துவிட வேண்டுமென்றால், தும்மலின் காலத்திலேயே கேள்வி கேட்கப்பட வேண்டும். ஏலக்காய்த் தூசியைக் குறித்தும் இத்தகைய பொறுமையான விசாரணை ஒன்று, போடியில் காய் ஆய்கிற பெண்களையும் மலை ஸ்டோர்களில் தேய்த்துச் சலிக்கிறவர்களையும் சேர்த்து நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

காரணம் தெரிந்த பின் நிவாரணம் அத்தனை கடினமன்று. உண்ணி என்று தெரிந்தால் கம்பளியையும் விரிப்பையும் வாரத்துக்கு ஒருமுறை நல்ல வெந்நீரில் அலசி, வெயில் கிடைத்த நாளில் நன்றாகக் காயவைத்து, சுவரின் ஈரத்துக்கு வழி செய்ய வேண்டும். ஸ்டோர் என்று தெரிந்தால் முகத்தோடு ஒட்டி அமரும் கவசமும், தூசியை வெளியே தள்ளும் காற்றாடியும், இயலுமானால் வேலை மாற்றமும் வேண்டும். மூக்கின்மேல் கட்டிக்கொள்ளும் சேலைத் தலைப்பு நுண்தூசிக்குத் தடையாகாது. ஸ்டீராய்டு ஸ்பிரே என்றதும் பலர் பயப்படுகிறார்கள். மருத்துவர் சொன்ன அளவில் நாள் தவறாமல் அடித்தால் மூக்கடைப்புக்கு அதுவே தலைசிறந்த ஔஷதம், சரீரத்தில் கலப்பது மிகச் சொற்பம். பயப்படவேண்டியது, கடையில் தாமே கேட்டு வாங்குகிற சொட்டு மருந்துக்கு. அடைப்பை நொடியில் திறந்துவிடும் அந்தச் சொட்டுகளை ஒரு வாரத்துக்குமேல் தொடர்ந்து விட்டால், மருந்து தீர்ந்ததும் முன்னிலும் இறுக்கமாக மூக்கடைத்து, மருந்தே நோயாகிவிடும். லண்டனில் லெனார்ட் நூன் 1911இல் தொடங்கிவைத்த, ஒவ்வாமைப் பொருளையே சிறுகச் சிறுக உடலில் ஏற்றிப் பழக்குகிற சிகிச்சையும் இன்று ஊசியாகவும் நாக்கடி மருந்தாகவும் உண்டு. அதற்கு மூன்று ஆண்டுப் பொறுமை வேண்டும். தவறான பொருளை மூன்று ஆண்டு ஏற்றிக்கொள்வதைவிட விபரீதமான வீண் செலவு வேறில்லையாதலால், அதைத் தொடங்குமுன் காரணத்தை நிச்சயித்துக்கொள்வது இன்றியமையாதது.

சட்டத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகளை மருத்துவ வசதிக்குப் பொறுப்பாக்கியது. 1981இல் செய்த திருத்தத்தால் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் உள்ள ஏலத்தோட்டங்களும் அதன் வரம்புக்குள் வந்தன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தோடு சேர்ந்த தொழில்நோய்ப் பட்டியலில் தொழிலால் வரும் ஆஸ்துமா இடம்பெற்றது. ஒவ்வாமை நாசி அழற்சிக்கு அதில் இடம் தரப்படவில்லை. நோய் நெஞ்சுக்கு இறங்கிய பின்பே சட்டத்தின் கண்ணில் படுகிறது என்ற நிலையில், மூக்கோடு இருக்கும்போதே அது எழுதப்பட்டிருப்பதுதான் தொழிலாளிக்குப் பிற்காலத்தில் கைகொடுக்கும் சாட்சியம். தும்மல் தொடங்கிய மாதம், அப்போது பார்த்த வேலை, ஸ்டோர் நாளிலும் லீவு நாளிலும் எடுத்த மூச்சளவு, தோல் பரீட்சையோ நாசிப் பரீட்சையோ செய்திருந்தால் அதன் முடிவு ஆகிய இவை தேதியோடு ஒரு சீட்டில் எழுதப்பட்டு, கையெழுத்தும் முத்திரையும் இடப்பட்டு, அவர் கையிலேயே கொடுக்கப்பட வேண்டும். மலையின் ஆஸ்பத்திரிக்கும் சமவெளியின் ஆஸ்பத்திரிக்கும் அவர் அந்த ஒரே சீட்டைத்தான் கொண்டுபோக வேண்டும்.